இடது மேலே, வலது உள்ளே

சீனத்தின் ஹான் இனத்தாரின் பழைய மரபுடையான ஹான்ஃபூவை உடுத்தி எடுத்த படம் ஒன்று இணையத்தில் ஏறினால் முதல் வசவு துணிக்கு வராது, நிறத்துக்கும் வராது, கழுத்துக்குத்தான் வரும். "பக்கம் மாறிக் கிடக்கிறது. இது பிணத்துக்கு உடுத்தும் முறை." படத்தில் இருப்பவர் பதறிப்போய் அதை நீக்கிவிடுவார். பல நேரங்களில் அவர் சரியாகத்தான் உடுத்தியிருப்பார். கைபேசியின் முன்கேமரா படத்தைக் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிச் சேமித்திருக்கும். பின்னால் தெரியும் கடைப்பலகையின் எழுத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஆனால் வைகிறவருக்குக் கடைப்பலகை கண்ணில் படாது, கழுத்து மட்டும்தான் படும்.

விதி எளியது. முன்பக்கம் திறந்து கழுத்துப்பட்டை குறுக்கே சாயும் எந்த மேலாடையானாலும் உடுத்துகிறவரின் வலப்பக்கத் துண்டு உள்ளே போக வேண்டும். இடப்பக்கத் துண்டு அதன்மேல் வந்து வலது அக்குளுக்குக் கீழே முடிய வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதேதான். சீனத்தில் இதற்கு யோவ்ரென் என்று பெயர். மடிப்பு வலப்பக்கம் போய் முடிவதால் வலமடி என்று வைத்துக்கொள்ளலாம். மாறிப்போனால் ட்ஸுவோரென், இடமடி. எதிரே நிற்பவர் கண்ணுக்கு வலமடி ஆங்கிலத்தின் சின்ன ஒய் எழுத்துப்போலத் தெரியும். இந்த ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை சண்டையும் நடக்கிறது.

உண்மையாகவே மாற்றி உடுத்துகிறவர்களும் உண்டு. அதிலும் பெண்கள் அதிகம் தவறுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, கைப்பழக்கம். ஆண்கள் சட்டையில் இடது மேலே வரும், பெண்கள் சட்டையில் வலது மேலே வரும். பத்து வயதிலிருந்து பெண்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டுப் பழகிய கை, கண்ணைக் கேட்காமலேயே வலப்பக்கத்தை மேலே இழுத்துவிடும். கண்ணாடி முன் நின்று சரிபார்த்தால் குழப்பம் இன்னும் கூடும், அங்கே சின்ன ஒய் புரண்டு தெரியும். கண்ணாடியை நம்பாமல் கையை நம்ப ஓர் எளிய சோதனை இருக்கிறது. வலது கை நேராக மார்புக்குள், அந்தக்காலத்துச் சட்டைப்பைக்குள் நுழைவதுபோல, மடிப்புக்குள் நுழைந்தால் சரி. இடது கைதான் நுழைகிறது என்றால் அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான்.

இதுவரை சிக்கல் இல்லை. உறுத்துவது வேறு. விதி பழையது, அதற்குக் காரணமும் உண்டு. ஆனாலும் பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்குப் போன உடை எதையும் பெரும்பாலும் யாரும் இப்படிக் காவல் காப்பதில்லை. ஹான்ஃபூ வட்டாரத்தில் 'ஹான்ஃபூ போலீஸ்' என்றே ஒரு கேலிப்பெயர் புழங்குகிறது. உடை ஒன்றுக்குப் போலீஸ் எதற்கு வந்தது?

பிணத்துக்கு ஒரு பக்கம்

கழுத்தைப் பிடித்துச் சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் எடுத்துவிடுவது கன்ஃபூசியஸ் வாக்கை. குவான் ஜோங் என்ற அமைச்சர் மட்டும் இல்லாதிருந்தால் நாமெல்லாம் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு இடமடி கட்டித் திரிந்திருப்போம் என்று அவர் சொன்னதாக அவர் வாக்குகளின் தொகுப்பான லுன்யூவில் இருக்கிறது. அதாவது இடமடி அயலாரின் அடையாளம். அடுத்தது லீஜி என்னும் சடங்கு நூல். இறந்தவரை உடுத்தும்போது எல்லாம் இடமடியாக, கட்டும் கயிற்றை இழுத்தால் அவிழும் சுருக்காகப் போடாமல் முடிச்சாகவே போட வேண்டும் என்கிறது அது. இந்த இரண்டாவது பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உயிரோடிருப்பவர் இரவில் அவிழ்க்க வேண்டும், அதனால் சுருக்கு. இறந்தவர் இனி அவிழ்க்கப் போவதில்லை. பக்கமும் முடிச்சும் சேர்ந்துதான் அந்த வேறுபாட்டைச் சொல்கின்றன. ஜப்பான் 719ஆம் ஆண்டிலேயே மக்கள் எல்லாரும் வலமடி கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. கிமோனோவில் இன்றும் இறந்தவருக்கு மட்டும் பக்கம் மாறும்.

இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது விதி எப்போதும் மீறப்படாமல் நடந்திருக்கும் என்றுதான் தோன்றும். நடக்கவில்லை. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துக் கல்லறைச் சுவரோவியங்களில் இடமடி கட்டிய பெண்களைப் பார்க்கலாம். 1368இல் மிங் அரசை நிறுவிய ஹோங்வூ உடைகளைத் தாங் காலத்து முறைக்கு மீட்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதற்குச் சரியாக 120 ஆண்டு கழித்து, 1488இல், சே பு என்ற கொரிய அதிகாரியின் கப்பல் புயலில் சிக்கிச் சீனத்தின் ஜெஜியாங் கரையில் ஒதுங்கியது. அங்கிருந்து பெருங்கால்வாய் வழியாகப் பெய்ஜிங் வரை போனவர், வழியில் கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். தெற்கே பெண்கள் இடமடி கட்டியிருந்ததையும், வடக்கே போகப் போக இரண்டும் கலந்து, தலைநகருக்கு அருகில் வலமடியே நிலைத்திருந்ததையும் குறித்திருக்கிறார். ஹான் இனத்தின் பொற்காலம் என்று இன்றைய ஆர்வலர்கள் கொண்டாடும் அதே மிங் காலம்தான் இது. அரசாணைக்கு 120 வயதான பின்னும் தெற்கத்திப் பெண்கள் தங்கள் கைப்பழக்கப்படி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் பிணம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

1645தான் பெரிய முறிவு. மிங்கை அடுத்துச் சீனத்தை ஆண்ட சிங் என்னும் மஞ்சு அரசின் சார்பாக, சிறுவயது அரசருக்காக ஆட்சி நடத்திய டோர்கோன், ஹான் ஆண்கள் முன்தலையை மழித்துச் சடை போட வேண்டும், உடையையும் மாற்ற வேண்டும் என்று கட்டளையிட்டார். 'தலை வேண்டுமா, முடியை விடு. முடி வேண்டுமா, தலையை விடு' என்பது அதன் சுருக்கம். ஜியாங்யின் நகரம் 81 நாள் எதிர்த்து நின்று அழிந்தது. பெண்கள் மாற வேண்டியதில்லை, துறவிகள் மாற வேண்டியதில்லை, நாடகக்காரர் மாற வேண்டியதில்லை, செத்தவர் மாற வேண்டியதில்லை என்று சில விலக்குகளும் வழக்கில் நின்றன. குறுக்குக் கழுத்து ஆடை அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் தாவோயிசப் பூசாரி மேலும் மேடைமேலும் சவப்பெட்டிக்குள்ளும்தான். உயிரோடு நடமாடும் ஆண் ஒருவனின் அன்றாட உடையாக அது இல்லாமல் போயிற்று.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சு அங்கியும் வலமடிதான். அதிலிருந்து 1920களில் ஷாங்காயில் உருவான சீபாவ் என்னும் பெண்கள் அங்கியும் வலது அக்குளில்தான் மூடும். நாடா போய் முடிச்சுப்பொத்தான் வந்தது, அகலக்கை போய் ஒடுங்கிய கை வந்தது, குறுக்கே சாயும் கழுத்துப்பட்டை போயிற்று. பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஆக 1645இல் பறிபோனவை பல. பறிபோகாத ஒன்றுதான் இந்த வலமடி. அதையே இன்றைக்கு உடையின் உயிர்போலக் காவல் காக்கிறார்கள். காரணம் எளியது என்று நினைக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்து ஒரே நொடியில் சரிபார்த்துச் சொல்ல முடிகிற தவறு இது ஒன்றுதான். நாடா எங்கே தைத்திருக்கிறது, முதுகுத்தையல் நேராக நிற்கிறதா, கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

உள்நாடா

இந்த இடத்தில்தான் வாதத்தை விட்டுவிட்டு உடையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காகத் தைத்த குறுக்குக் கழுத்து மேலாடையில் இரண்டு இணை நாடா இருக்கும். வலப்பக்கத் துண்டின் நுனியில் ஒரு நாடா. அதற்கு ஜோடி, இடது அக்குளுக்குக் கீழே பக்கத்தையலின் உள்பக்கத்தில் இருக்கும். இடப்பக்கத் துண்டின் நுனியில் ஒன்று. அதற்கு ஜோடி, வலப்பக்கத் தையலின் வெளிப்புறத்தில். முதல் ஜோடி உள்நாடா, இரண்டாவது வெளிநாடா. கட்டும் வரிசையை உடையே சொல்லிவிடுகிறது. மாற்றிக் கட்ட முயன்றால் உள்ளே போகும் இடத் துண்டைக் கட்டி வைக்க வலப்பக்கத்தில் உள்நாடா கிடையாது. துண்டு தொங்கும், நாலடி நடந்தால் கீழே நழுவி அங்கிக்குக் கீழே வால்போல எட்டிப்பார்க்கும். போலீசே தேவையில்லை.

பிறகு ஏன் இவ்வளவு பேர் மாற்றிக் கட்டுகிறார்கள்? விலை குறைந்த உடைகளில் உள்நாடா இல்லாததால். புகைப்பட நிலையத்துக்கும் மேடைக்கும் தைத்துப் பழகியவர்கள் உள்நாடாவை எடுத்துவிட்டு ஒரு கொக்கியோ ஒட்டுப்பட்டையோ வைத்துவிடுவார்கள். காட்சிக்குக் காட்சி உடை மாற்றுகிறவர்களுக்கு உட்கார்ந்து நாடா கட்ட நேரம் ஏது? அந்த உடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மூடும். கற்றுத் தருகிற உறுப்பை வெட்டி எறிந்துவிட்டால் அப்புறம் விதியை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூவேலையை அல்ல, இடது அக்குளின் உள்பக்கத்தை. அங்கே நாடா இல்லையென்றால் நாமே தைத்துக்கொள்ளலாம். ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் சொச்சம் நீளம், அதே துணியில் இரண்டு நாடா. தையலுக்கு அடியில் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். வெறும் பட்டில் நேரடியாகத் தைத்தால் இழுக்கும் இடத்தில் பட்டு கிழிந்துவிடும்.

கட்டுவதில் பெரும்பாலும் தவறுவது பக்கம் அல்ல, பிடரி. உடையைத் தோளில் போட்டதும் நாடாவுக்குப் போகக் கூடாது. கழுத்துப்பட்டையின் நடுப்புள்ளி பிடரியில் துருத்தும் எலும்பின்மேல் உட்கார வேண்டும், முதுகின் நடுத்தையல் தண்டுவடத்தின்மேல் இறங்க வேண்டும். இரண்டு கையாலும் பட்டையின் இரு விளிம்பையும் மார்புக்கு நேரே பிடித்து ஒருமுறை சமமாக முன்னால் இழுத்தால் நடு தானாக நடுவுக்கு வரும். பிறகு வலத் துண்டை இடது விலாவுக்குக் கொண்டுபோய் உள்நாடாவைக் கட்ட வேண்டும், இறுக்காமல். இங்கே இறுக்கினால் கழுத்தோரம் பட்டை மடிந்து குழாய்போல எழும்பும். தளர்த்தினால் வலத் துண்டு சரிந்து இடது காலருகே விளிம்பு கீழே இறங்கித் தெரியும். அடுத்து இடத் துண்டு. அதன் பட்டை, கீழே இருக்கும் பட்டையைத் தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே வெட்டிக் கடக்க வேண்டும். வெளிநாடாவைச் சுருக்காகப் போட வேண்டும். சுருக்கின் காதுகள் படுக்கையாக நிற்காமல் மேலும் கீழுமாக நின்றால் முதல் முடிச்சும் இரண்டாவதும் ஒரே திசையில் சுற்றப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். முதல் முடிச்சில் இடது மேலே போயிருந்தால் இரண்டாவதில் வலது மேலே போக வேண்டும்.

மார்பில் பட்டை பிளந்து நின்றால் உடனே கழுத்தைப் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் பிடரி முன்னால் வந்துவிடும், மறுபடி பிளக்கும். இந்த உடையில் மார்புக்கு மடித்துத் தைத்த வளைவு எதுவும் கிடையாது, முழுக்கத் தட்டையான வெட்டு. மிச்சத் துணி எங்காவது போயாக வேண்டும், அதை அக்குளுக்குக் கீழே தள்ள வேண்டும். வெளிநாடாவைக் கட்டிய பிறகு கீழிருந்து இரு பக்கமும் துணியைப் பின்னோக்கி மெல்ல நீவிவிட்டால் பிளவு மூடிக்கொள்ளும். அப்படியும் மூடவில்லை என்றால் நாடா உடலுக்குத் தாழ்வாகத் தைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தித் தைத்தால் சரியாகிவிடும். ஊக்கு குத்துவது கடைசி வழி. பட்டில் அது ஓட்டை போடும், அந்த ஓட்டை அடையாது.

நான்கு அகலத் துணி

நடுமுதுகில் தையல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நேர்மையின் அடையாளம் என்று அழகான விளக்கம் ஒன்று சொல்வார்கள். அதற்கு முந்தைய விளக்கம் தறியில் இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் அரசு காலத்துத் துணியின் பன்னா, அதாவது அகலம், 2 சி 2 சுன், இன்றைய அளவில் சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு தறிக்காரர் கை எட்டி ஊடு எறியக்கூடிய அகலம் அவ்வளவுதான். முதுகின் இருபுறமும் ஒவ்வொரு பன்னா வைத்தால் ஒரு மீட்டர் ஆயிற்று. முன்கைக்கு இன்னும் ஒவ்வொரு பன்னா சேர்த்தால் இரண்டு மீட்டர். ஆகவே ஒரு தையல் முதுகில், இரண்டு தையல் மேற்கையின் நடுவில். தோளில் தையலே கிடையாது, துணி தோளின்மேல் மடிந்து முன்னுக்கு வருகிறது.

1972இல் சாங்ஷா அருகே மாவாங்துய் கல்லறையில் ஷின் ஜுய் என்ற சீமாட்டியோடு கிடைத்த மெல்லிய பட்டு அங்கியின் நீளம் 128 சென்டிமீட்டர், ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை 190க்குக் குறையாது. நான்கு பன்னா 200, தையலுக்குப் போனது போக அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எடை 49 கிராம். இன்றைய பட்டுப்புழு அக்காலத்துப் புழுவைவிடப் பருத்தது, அதன் இழையும் தடித்தது. அதனால் நான்ஜிங்கில் பட்டறிந்த நெசவாளர்களுக்கே இந்த அங்கியை அதே எடையில் மறுபடி நெய்து முடிப்பது பெரும்பாடாகிவிட்டது.

அளவு எடுப்பதிலும் இதே கணக்குத்தான். இணையக் கடைகளில் தோள் அளவு என்று ஒன்று இருக்காது, இருந்தால் சந்தேகப்பட வேண்டும். முக்கியமான எண், உடையின் இரு கையையும் விரித்தால் நுனியிலிருந்து நுனிவரை வரும் நீளம். லீஜியின் ஷென்யி பகுதி இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. கையை நீட்டி, விரல்நுனிக்கு அப்பால் தொங்கும் துணியைத் திருப்பி மடித்தால் அது முழங்கையைத் தொட வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு விரித்த கையளவும் ஏறக்குறைய அதே 160. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை 42 என்றால் இரு பக்கமும் சேர்த்து 84. மொத்தம் 244. சடங்குக்கு இது பொருந்தும். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குப் பொருந்தாது. அன்றாடத்துக்குத் தைப்பவர்கள் இதை 190, 200 என்று குறைத்துக்கொள்கிறார்கள், அதில் தப்பில்லை. அதே நூல் நீளத்துக்குச் சொல்லும் விதி இன்னும் நறுக்கென்று இருக்கிறது: குட்டையானாலும் தோல் தெரியக் கூடாது, நீளமானாலும் மண் தொடக் கூடாது. அகலக்கையோடு சமைக்க நேர்ந்தால் சோங் காலத்துப் பெண்கள் செய்ததைச் செய்யலாம். கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டி அதன் இரு முனையாலும் கையைத் தூக்கிக் கட்டுவார்கள். அதன் பெயர் பான்போ.

குதிரைமுகம்

கீழாடையில் இன்று எங்கும் பார்ப்பது குதிரைமுகப் பாவாடை. 1645இன் ஆணை பெண்களைத் தொடாததால் இது மிங்கிலிருந்து சிங் வழியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தொடர்ந்து உடுத்தப்பட்டு வந்தது. 2022இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் இதேபோன்ற பாவாடையைத் தன் சொந்தப் பாணி என்று சொல்லி 29,000 யுவானுக்கு விற்றதைக் கண்டித்து அந்த ஜூலையில் பாரிஸில் சீன மாணவர்கள் தெருவில் நின்றார்கள். ஷாண்டோங்கின் ட்ஸாவ் மாவட்டத்தில், முன்பு மேடை உடை தைத்துக்கொண்டிருந்த அதே பட்டறைகள்தான் இன்று இந்தப் பாவாடையை மலைமலையாகத் தைத்துத் தள்ளுகின்றன.

ஆச்சரியம் என்னவென்றால் குதிரைமுகத்தைப் பற்றிப் பக்கச் சண்டையே கிடையாது. பாதிவரைக்கும் கைப்பழக்கம் தொடர்ந்து வந்த உடை என்பதால் இருக்கலாம். இதன் அமைப்பு இரண்டு தனித் துண்டு, ஒரே இடுப்புப்பட்டை. ஒவ்வொரு துண்டின் இரு ஓரத்திலும் கொசுவம் இல்லாத ஒரு சமதளப் பகுதி, அதற்குக் கதவு என்று பெயர். ஆக நான்கு கதவுகள். பின்பக்கம் இரண்டு கதவு ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டையில் தைக்கப்பட்டிருக்கும். முன்பக்க இரண்டை நாம் உடுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். நடுவே இரு விலாவிலும் கொசுவம். மிங் காலத்தில் கொசுவம் பெரிதாக, பட்டையில் மட்டும் பிடித்து, கீழே தாராளமாக விரியும். சிங் காலத்தில் மெல்லிய கொசுவம் நெருக்கமாக வந்தது. மீன்செதில்போல இடையிடையே நூலால் பிடித்தவையும் உண்டு.

அளவு தவறுவது இங்கேதான். இடுப்புப்பட்டையின் முழு நீளத்திலிருந்து ஒரு கதவின் மேலகலத்தைக் கழித்தால் வருவதுதான் பாவாடையின் உண்மையான இடுப்பளவு. பட்டை 96, கதவு 26 என்றால் 70 சென்டிமீட்டர் இடுப்புக்கு முன்கதவுகள் இரண்டும் விளிம்போடு விளிம்பு பொருந்தும். இடுப்பு 76 என்றால் மேல்கதவுக்குப் பக்கத்தில் உள்கதவு ஆறு சென்டிமீட்டர் துருத்தும், நடக்கும்போது முன்பக்கம் பிளந்து கால் தெரியும். இடுப்பு 64 என்றால் மேல்கதவு உள்கதவைத் தாண்டிப்போய்க் கொசுவத்தை மூடிவிடும், ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் வெறிச்சென்று இருக்கும். நாலு சென்டிமீட்டர்வரை முன்னே பின்னே இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கொசுவத்தைப் பிரித்துத் தைப்பதுதான் வழி. 'எல்லா அளவுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். நீளத்தைச் செருப்பு போட்டுக்கொண்டு அளக்க வேண்டும், இடுப்பிலிருந்து கணுக்கால் எலும்புவரை.

கட்டும்போது பின்கதவின் நடு முதுகுத்தண்டுக்கு நேரே வந்ததா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு முன்கதவை வயிற்றில் வைத்துப் பிடித்து மற்றதை அதன்மேல் போட வேண்டும். நாடாக்களைப் பின்னே கொண்டுபோய்க் குறுக்கே மாற்றி, இறுக்கி, முன்னே கொண்டுவந்து கட்ட வேண்டும். ஜரிகை நெய்த பாவாடை கனமானது, மதியத்துக்குள் இரண்டு விரல் இறங்கிவிடும். அதற்காகத்தான் இடுப்புப்பட்டையைப் பழைய முறையில் பருத்தியில் வைத்தார்கள், வெள்ளைப் பருத்தியில். பருத்தி உள்சட்டையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் பட்டை வழுக்கும். படியேறும்போது மேல்கதவின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கினால் போதும். நகரும் படிக்கட்டில் விளிம்பைக் கையில் சுருட்டிக்கொள்ளாமல் ஏறவே கூடாது. பெட்டியில் வைக்கும்போது கொசுவத்தை ஒழுங்குபடுத்தி, நீளவாக்கில் சுருட்டி, பழைய காலுறை ஒன்றுக்குள் நுழைத்துவிட்டால் இஸ்திரி வேலை மிச்சம்.

மார்புக்கு மேலே கட்டும் தாங் பாணிப் பாவாடை படத்தில் அழகாக இருக்கும், நடக்கும்போது கழுத்தறுக்கும். விலா கீழே போகப் போக ஒடுங்குவதால் துணியின் கனம் அதை எப்போதும் கீழேதான் இழுக்கும். இரண்டு துண்டு வகையில் முன்துண்டை முதலில் பின்னால் கட்டி, பின்துண்டின் நாடாவை அதன்மேல் முன்னால் கொண்டுவந்து கட்ட வேண்டும். பட்டையின் உள்பக்கத்தில் வழுக்காத ரப்பர் கோடு ஒன்று தைத்திருந்தால் நல்லது. இறுக்கிக் கட்டி மூச்சு முட்டுவதைவிட மெல்லிய தோள்பட்டை வைத்துக்கொள்வதே மேல். தோள்பட்டை பழமைக்கு ஒவ்வாது என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். பாவாடை தெருவில் அவிழ்வதும் ஒவ்வாதுதான்.

வெள்ளைப் பட்டை

மிங் பாணி மேலாடையில் கழுத்துப்பட்டையின் மேல்பகுதியை மட்டும் மூடி ஒரு வெள்ளைத் துணி தெரியும். ஹூலிங் என்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் அலங்காரம் என்றே நினைப்பார்கள். பிடரியின் வியர்வையும் தலையெண்ணெயும் ஜரிகை வேலை செய்த பட்டில் இறங்காமல் இருக்க வைத்த தடுப்பு அது. அங்கியைத் துவைக்க முடியாது, பட்டையைத் துவைக்கலாம். அதனால் இதை இயந்திரத்தில் அழுத்தித் தைத்துவிடக் கூடாது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கையால், தளர்வாக ஓட்டுத்தையல் போட வேண்டும். அழுக்கானால் நூலை இழுத்துப் பிரித்து, துவைத்துக் கஞ்சி போட்டு மறுபடி தைக்கலாம். கடைகளில் வருபவை பெரும்பாலும் நிரந்தரமாகத் தைத்தவை. நாலு தடவை உடுத்தியதும் மஞ்சள் பாரித்த வெள்ளைப்பட்டையோடு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்கள் அதிகம். பிரித்துவிடுங்கள், உடைக்கு ஒன்றும் ஆகாது.

ஷாங்காயில் 2001இல் கூடிய நாட்டுத் தலைவர்கள் அணிந்த பளபளப்பான சட்டையை உலகம் முழுக்கப் பாரம்பரியச் சீன உடை என்று நினைத்தது. தாங் உடை என்று பெயர், ஆனால் அதன் மூலம் சிங் காலத்துக் குதிரையேற்றச் சட்டை. நேர்நடுவில் பொத்தான் வைத்துத் திறப்பதால் அதில் எந்தப் பக்கம் மேலே என்ற கேள்வியே எழாது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2003 நவம்பர் 22 அன்று, ஜெங்ஜோ நகரத் தெருவில் மின்துறை ஊழியர் ஒருவர் குறுக்குக் கழுத்து அங்கியோடு நடந்தார். சிங்கப்பூரின் சீன நாளிதழ் அதைச் செய்தியாக்கியது, இன்றைய ஹான்ஃபூ இயக்கம் தன் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறது. அந்த ஆரம்ப வருடங்களில் உடுத்தியவர்களைப் பார்த்து இது கிமோனோவா, கொரிய உடையா என்றுதான் தெருவில் கேட்டார்கள். கற்றுக்கொடுக்கப் பாட்டி இல்லை, கல்லறை அறிக்கையும் ஓவியமும் பழைய நூலும்தான் இருந்தன. அவற்றை வைத்து விதிகளை எழுதினார்கள், விதிகளைக் காக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைவதும் கூடுவதுமாக இருக்கிறது. 350 ஆண்டு இடைவெளியைத் தாண்ட ஏதாவது ஒரு கைப்பிடிக் கயிறு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. முதல்முறை உடுத்திய பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பிணம் என்று எழுதுகிறவர் அந்தக் கயிற்றாலேயே அடிக்கிறார் என்பதும் உண்மை. உள்நாடா எங்கே தைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த முறை அவள் தானே சரியாகக் கட்டியிருப்பாள்.

மடித்து வைக்கும் முறையையும் சொல்லிவிடலாம். தோள் சரிவு இல்லாத உடை என்பதால் சாதாரண மாட்டியில் தொங்கவிட்டால் இரண்டு தோளிலும் கொம்பு முளைக்கும். அருங்காட்சியகத்தில்போல நேர்க்கம்பில் இரு கையையும் விரித்துத் தொங்கவிட வேண்டும், இடமில்லை என்றால் மடிக்க வேண்டும். முதுகு தரையில் படப் பரப்பி, முதலில் வலத் துண்டை இடப்பக்கம் கொண்டுபோய் உள்நாடாவைத் தளர்வாக ஒரு சுருக்குப் போட்டு, அதன்மேல் இடத் துண்டை மூடி, கைகளைக் கைத்தையலில் திருப்பி உடம்பின்மேல் படிய வைத்து, நீளத்தை மூன்றாக மடித்தால் போதும். அடுத்த முறை பிரிக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதே பக்கம்தான் கட்டும்போதும் மேலே வரும்.